வாடகை வாசுவும் வீட்டுக் கடன் விச்சுவும்

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த அன்றைக்கு வீட்டில் என்னவெல்லாம் நடக்கும்? அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். அப்பா ஆபீஸில் ஸ்வீட் கொடுப்பார். ஃப்ரெண்ட்ஸ் டிரீட் கேட்டு உயிரை எடுப்பார்கள். சாயங்காலமா பெரியப்பாவோ மாமாவோ ஒருத்தர் வருவார். சேரில் சாய்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே அந்த டயலாக்கை எடுத்து விடுவார்...

'ரொம்ப சந்தோஷம்ப்பா. சம்பளத்தை வெட்டியா செலவு பண்ணாம, மொதல்ல லோனைப் போட்டு ஒரு வீட்டை வாங்கிப் போடு. வாடகை குடுக்கறதெல்லாம் தண்டம்!'

நீங்கள் பவ்யமாக மண்டையை ஆட்டுவீர்கள். 'இன்னும் ஒரு அரியர் பாக்கி இருக்கு பெரியப்பா' என்பதை மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வீர்கள்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா பாஸ்? 15 ஆயிரம் ரூபாய் செல்போன் வாங்க மூணு வாரம் ரிசர்ச் பண்றோம். கேமரா எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், பக்கத்துத் தெருக் கடையில் 500 ரூபாய் கம்மியா கிடைக்குமா என்று அலசி ஆராய்கிறோம். ஆனா, 50 லட்ச ரூபாய் சமாசாரத்தை மட்டும் 'எலி வளையானாலும் தனி வளை வேணும்' என்ற ஒரே ஒரு பழமொழியில் முடித்துவிடுகிறோம். எலிக்கு இ.எம்.ஐ. கிடையாது. நமக்கு உண்டு!

அதனால, இந்த வாரம் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு உட்காருங்க. கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் அளவுக்குக் கஷ்டம் இல்லை.

ஒரே அபார்ட்மென்ட், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ்

வாசு, விச்சு என்று ரெண்டு பேர். ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் ரூம். (ரெண்டு பேருமே நம்ம கற்பனைதான். ஆனா, உங்க கிளாஸ்ல தேடினா கிடைப்பாங்க!) இப்போது ரெண்டு பேருக்கும் 26 வயசு. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. கையில் வாங்கும் சம்பளம் ஆளுக்கு 75 ஆயிரம்.

சென்னைப் புறநகரில் ஒரு அபார்ட்மென்ட். அதில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்று, ஏற்கெனவே ஒருத்தர் குடியிருந்தது, 50 லட்சத்துக்கு வருகிறது. விச்சு அதை வாங்குகிறான். அதே மாடியில், எதிர் ஃப்ளாட்டில், மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து மாசம் 14 ஆயிரம் வாடகைக்கு வாசு குடி வருகிறான்.

விச்சுவுக்கு வங்கி முழுப் பணத்தையும் தராது. கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் விதி. ஆக, கடன் 40 லட்சம். மீதி 10 லட்சம் கையிலிருந்து.

அதோடு முடிந்ததா? பத்திரப்பதிவு இருக்கே! தமிழ்நாட்டில் இது மாதிரி கை மாறும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். (பில்டரிடம் நேராக வாங்கும் புது ஃப்ளாட் என்றால் முத்திரைத் தீர்வையில் கொஞ்சம் சலுகை உண்டு.) 50 லட்சத்துக்கு 9 சதவிகிதம் என்றால் நாலரை லட்சம். இதற்கு வங்கிக் கடன் கிடையாது. ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும்.

மொத்தம் பதினாலரை லட்சம். 26 வயசுப் பையனிடம் அவ்வளவு பணம் ஏது? அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பங்கு. அம்மாவின் ஆரமும் நாலு வளையலும். 'உனக்குத்தானேடா சேர்த்து வெச்சோம்' என்று சிரித்துக்கொண்டேதான் கழற்றிக் கொடுத்திருப்பார். அந்தப் பதினாலரை லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசு வீட்டிலும் அதே அளவு பணம் இருக்கிறது. அது அப்பா, அம்மா பேரிலேயே வங்கியில் டெபாசிட்டாக இருக்கட்டும்.

யார் கொடுப்பது தண்டம்?

40 லட்சம் கடன், 20 வருஷம், வட்டி 8.5 சதவிகிதம் என்று வெச்சுக்குவோம். மாசாமாசம் இ.எம்.ஐ. 34,713 ரூபாய். வாசு கொடுக்கும் வாடகையைப் போல ரெண்டரை மடங்கு.

'இருக்கட்டுமே... வாடகை போனா போனதுதான். இ.எம்.ஐ. நம்ம வீட்டுக்குத்தானே போகுது!' என்பான் விச்சு. இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். முதல் மாச இ.எம்.ஐ-யைப் பிரித்துப் பாருங்கள். 34,713-ல் 28,333 ரூபாய் வட்டி. வீட்டுக்காகப் போனது, அதாவது அசலில் கழிந்தது, 6,380 ரூபாய்தான்! வட்டியாகப் போன பணம் எந்த விதத்தில் வாடகையைவிட உசத்தி? வாடகை வீட்டு ஓனருக்குப் போகிறது, வட்டி வங்கிக்குப் போகிறது. ரெண்டும் திரும்பி வராது.

ஆக, சரியான ஒப்பீடு வாடகையையும் இ.எம்.ஐ-யையும் பக்கத்தில் வைப்பது கிடையாது. 'திரும்பி வராத பணம்' யாருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

வாசுவுக்குச் சுலபம். வருஷத்துக்கு 14 ஆயிரம் இன்ட்டூ 12. ஒரு லட்சத்து 68 ஆயிரம். முடிந்தது.

விச்சுவின் முதல் வருஷம் இப்படி...

வங்கிக்குப் போன வட்டி - சுமார் 3 லட்சத்து 37 ஆயிரம்.

அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், மாசம் 2,500 வீதம் - 30 ஆயிரம்.

பதினாலரை லட்சத்தை 7 சதவிகிதத்துக்கு டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்க வேண்டிய வட்டி - சுமார் ஒரு லட்சம்.

கூட்டினால் 4 லட்சத்து 68 ஆயிரம்! சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், மழைக்கு ஒழுகும் பாத்ரூம் சுவர் எல்லாம் தனி. அதையெல்லாம் விட்டாலும், வாசுவைவிட விச்சுவுக்கு வருஷத்துக்கு 3 லட்சம் அதிகமாகக் கரைகிறது. 50 லட்சத்தில் 3 லட்சம் என்பது 6 சதவிகிதம். அதாவது, அந்த ஃப்ளாட்டின் விலை அந்த வருஷம் 6 சதவிகிதம் ஏறினால்தான் விச்சு வாசுவோடு சமம். அதற்கு மேல் ஏறினால் லாபம். கீழே என்றால் நஷ்டம்.

'வீட்டு விலை எப்பவும் ஏறத்தானே செய்யும்?' என்பீர்கள். நிலத்தின் விலை ஏறும். கட்டடத்துக்கு வயசாகும். ஃப்ளாட்டில் நமக்குச் சொந்தமான நிலம் எவ்வளவு என்று பத்திரத்தில் யு.டி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டுக்கு யு.டி.எஸ். பாதிகூட இல்லாமல் இருக்கலாம். மாடி உயர உயர, அந்தப் பங்கும் சிறுத்துக்கொண்டே போகும். தாத்தா கிரவுண்டு வாங்கிப் போட்டுப் பணக்காரர் ஆன கதையை, ஏழாவது மாடி ஃப்ளாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

அஞ்சு வருஷம் கழித்து...

சரி, அஞ்சு வருஷம் ஓட்டுவோம். விச்சு 60 இ.எம்.ஐ. கட்டியிருப்பான். மொத்தம் 20 லட்சத்து 83 ஆயிரம். அம்மாடியோவ்! கடன் எவ்வளவு குறைந்திருக்கும் சொல்லுங்கள் பார்ப்போம். வெறும் 4 லட்சத்து 75 ஆயிரம். இன்னும் முப்பத்தஞ்சே கால் லட்சம் பாக்கி. வாங்கிய கடனில் பாதி குறையவே கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும்.

வாசு என்ன பண்ணியிருப்பான்? விச்சுவுக்கு ஆகும் செலவையும் தன் வாடகையையும் ஒப்பிட்டால் அவன் கையில் மாசம் 23 ஆயிரம் மிச்சம். வாடகை வருஷா வருஷம் 5 சதவிகிதம் ஏறும் என்று வைத்தாலும், அஞ்சு வருஷமும் மாசம் 20 ஆயிரம் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். அதை 7 சதவிகித ஆர்.டி-யில் போட்டால் சுமார் 14 லட்சம். ஏற்கெனவே டெபாசிட்டில் இருந்த பதினாலரை லட்சம் வளர்ந்து சுமார் 20 லட்சம். கூட்டினால் 34 லட்சம் ரொக்கம்.

விச்சு இதே இடத்துக்கு வர வேண்டும் என்றால், அவனுடைய 50 லட்ச ரூபாய் ஃப்ளாட் அஞ்சு வருஷத்தில் 70 லட்சத்துக்கு விலை போக வேண்டும். போகுமா? போகலாம். நல்ல ஏரியா, மெட்ரோ வருகிறது, யு.டி.எஸ். அதிகம் என்றால் அதற்கு மேலேயும் போகலாம். பக்கத்திலேயே இன்னும் நாலு புது அபார்ட்மென்ட் முளைத்துவிட்டால் 60-ஐத் தாண்டாமலும் நிற்கலாம்.

'கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வாசு புத்திசாலி' என்று அவசரப்பட்டு முடிவெழுதாதீர்கள். இந்தக் கணக்கில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் வாசு அந்த 20 ஆயிரத்தை மாசாமாசம் ஒழுங்காகப் போடுவானா? பைக், ட்ரிப், ஆபீஸ் பார்ட்டி, புதுசா வந்த போன்... மூணாவது மாசமே ஆர்.டி. அம்பேல். விச்சுவுக்கு அந்தச் சுதந்திரமே கிடையாது. அஞ்சாம் தேதி ஆனால் வங்கி தானாகவே எடுத்துக்கொள்ளும். மிச்சம் பிடிக்கத் தெரியாதவனை இழுத்துப் பிடித்து உட்கார வைக்கிற வாத்தியார், இ.எம்.ஐ. தான். ஆக, நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். போன வருஷம் வாங்கிய பாக்கெட் மணியில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்!

20 வருஷத்துக்குக் குத்தகையா நம்ம வேலை?

இ.எம்.ஐ. ஒரு 20 வருஷ வாக்குறுதி. அந்த 20 வருஷமும் நமக்கு வேலை இருக்கும், சம்பளம் ஏறும், வட்டி ஏறாது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

2020-ல் கொரோனா லாக்டவுன் வந்தபோது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இ.எம்.ஐ. கட்டுவதைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிப்போனது தவணைதான். அத்தனை மாசமும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதே நேரத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை ரூமில் இருந்த பசங்க பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், அம்மா சாப்பாட்டோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள்.

வட்டியும் அப்படித்தான். வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில்தான் வரும். 2022 மே மாசத்துக்கு முன்னால் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவிகிதம். 2023 பிப்ரவரியில் ஆறரை. ஒன்பதே மாசத்தில் ரெண்டரை சதவிகித ஏற்றம்! 2021-ல் ஆறரை சதவிகிதத்துக்கு 40 லட்சம் கடன் வாங்கியவருக்கு இ.எம்.ஐ. 29,823 ரூபாய். வட்டி 9 சதவிகிதம் ஆனதும், 40 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி மட்டுமே 30 ஆயிரம். கட்டுகிற தவணை வட்டிக்கே பத்தாது! அப்புறம் தவணையை ஏற்றுவார்கள், அல்லது வருஷத்தை நீட்டுவார்கள். 45 வயசில் முடிய வேண்டிய கடன் ரிட்டயர்மென்ட் வரைக்கும் நீளும்.

அடுத்தது, நமக்கு ரொம்ப முக்கியமானது. 28 வயசில் விச்சுவுக்குப் புனேயில் ஒரு சூப்பர் வேலை கிடைக்கிறது. சம்பளம் 20 ஆயிரம் அதிகம். வாசுவாக இருந்தால் ஓனரிடம் ஒரு மாச நோட்டீஸ், ஒரு மினி லாரி, கிளம்பிவிடலாம். விச்சு கணக்குப் போடுகிறான். சென்னை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டால் 15 ஆயிரம் வரும். இ.எம்.ஐ. 34,713 போகும். கையைவிட்டு மாசம் 20 ஆயிரம். புனேயில் வாடகை வேறு. அதிகமாக வரும் சம்பளம் அப்படியே காலி. வீட்டை விற்கலாம் என்றால், பதிவுக்குப் போன நாலரை லட்சம் திரும்ப வராது. 'பரவால்ல, இங்கேயே இருக்கேன்' என்று அந்த வேலையை வேண்டாம் என்கிறான். அந்த இழப்பு எந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டிலும் வராது. 22 முதல் 30 வரை நாம் ஊர் விட்டு ஊர், வேலை விட்டு வேலை மாறுவதில்தான் நிறைய பேருக்குச் சம்பளமே ஏறுகிறது. அந்த நேரத்தில் காலில் ஒரு கட்டடத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவது கஷ்டம்.

ஏரியா விஷயமும் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர் அடுத்த மழைக்கு முன்னால் மேடான இடமாகப் பார்த்துப் போய்விட முடியும். சொந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு டிசம்பரிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேதான் இருக்க வேண்டும்.

பெரியப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கு

இவ்வளவும் படித்துவிட்டு, பெரியப்பாவுக்குக் கணக்குத் தெரியலை என்று கிளம்பிடாதீங்க. அவருக்குத் தெரிந்த சில விஷயங்கள் நமக்குத் தெரியாது.

ஒன்று, காலம். இ.எம்.ஐ., வட்டி மாறாத வரைக்கும், 20 வருஷமும் அதே 34,713தான். வாடகை அப்படி நிற்காது. வருஷம் 5 சதவிகிதம் ஏறினால், இன்றைய 14 ஆயிரம் 20 வருஷத்தில் 37 ஆயிரம். அப்போது வாசுவுக்கு 46 வயசு. அதே வயசில் விச்சு கடனை முடித்துவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். வாசு கடைசி வரைக்கும் வாடகை கொடுக்க வேண்டும், சம்பளம் நின்ற பிறகும்.

ரெண்டாவது, வாடகை வீட்டில் நாம் படும் பாடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட் பூட்டு. காலையில் ஒரு மணி நேரம்தான் மோட்டார். ஊரிலிருந்து பாட்டி வந்து நாலு நாள் தங்கினால், 'இன்னும் எத்தனை நாள் இருப்பாங்க?' என்று ஓனரம்மா மாடியிலிருந்து விசாரிப்பார். பேச்சிலர்ஸுக்கு வீடு இல்லை. தனியாக இருக்கும் பெண்களுக்கு ஆயிரம் கேள்வி. இது இதோடு நின்றால்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். 'நீங்க என்ன ஆளுங்க?', 'வெஜிடேரியனா?' என்று கேட்டுவிட்டு, பேரைச் சொன்னதுமே 'வீடு முடிஞ்சிடுச்சே...' என்று கதவைச் சாத்துகிறவர்கள் இன்றைக்கும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்ற குடும்பத்திடம் போய் '6 சதவிகிதம் ஏறினாத்தான் சமம்' என்று நான் லெக்சர் அடிக்க முடியாது. அவர்கள் கொடுக்கும் அந்த அதிகப்படி 3 லட்சம் மரியாதைக்கான விலை. அது தண்டமா, இல்லையா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

அப்பா, அம்மா 'சொந்த வீடு' என்று சொல்லும்போது பல நேரம் அவர்கள் முதலீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. திடீரென்று ஒரு நாள் 'பையனுக்குக் கல்யாணம், அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க' என்று ஓனர் சொன்னதும், பள்ளிக்கூடம் நடுவில் உங்களைத் தூக்கிக்கொண்டு வேறு ஏரியாவுக்கு அலைந்ததும்தான் அவர்கள் மனசில் ஓடுகிறது. அதற்கு எக்ஸெல் ஷீட்டில் பதில் சொன்னால், சண்டைதான் வரும்.

அப்ப என்னதான் பண்றது?

'வாங்கலாமா, வாடகையா?' என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. 'இந்த ஊரில், இந்த ஏரியாவில் நான் எத்தனை வருஷம் இருப்பேன்?' அஞ்சு வருஷத்துக்குள் என்றால் வாடகைதான் பெரும்பாலும் ஜெயிக்கும். பத்து, பதினஞ்சு வருஷம் அசைய மாட்டேன், வேலை நிலையாக இருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்றால் வாங்குவதில் அர்த்தம் உண்டு. 22 வயசில் இந்தக் கேள்விக்கு 'தெரியலையே' என்றுதான் பதில் வரும். அந்தத் 'தெரியலையே'தான் உங்களுக்கான விடை. தெரிகிற வரைக்கும் வாடகை கொடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஆனா, வாசு மாதிரி அந்த வித்தியாசத் தொகையை மட்டும் சம்பளம் வந்த அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பின்னால் வீடு வாங்கும்போது அம்மாவின் வளையல் அம்மா கையிலேயே இருக்கும்.

வாடகைக்குப் போகும்போது சில விஷயங்கள்... ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 'பத்து மாச அட்வான்ஸ், அதுதான் வழக்கம்' என்று ஓனர் சொன்னால், பேரம் பேச உங்களுக்கு ஒரு சட்டம் துணைக்கு இருக்கிறது. தண்ணீரையும் கரன்ட்டையும் நிறுத்தி உங்களைக் கிளப்பவும் கூடாது. வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருக்கும் லீஸ், தென் மாவட்டங்களில் ஒத்தி என்பார்களே, அதில் இறங்கினால் வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள். எழுதிப் பதிவு செய்யாமல் லட்சக்கணக்கில் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவு பண்ணிட்டீங்களா? அதே அபார்ட்மென்ட்டில் அதே சைஸ் வீட்டுக்கு என்ன வாடகை என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். புரோக்கரைவிட அவர் சரியாகச் சொல்வார். இ.எம்.ஐ. சம்பளத்தில் மூணில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (நம்ம விச்சு பாதியைத் தொட்டுவிட்டான், கவனிச்சீங்களா?) ஆறு மாசத் தவணைப் பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் வருஷத்துக்கு ஒரு இ.எம்.ஐ. கூடுதலாகக் கட்டினாலே 20 வருஷக் கடனில் மூணு வருஷத்துக்கு மேல் குறையும். 'வீட்டுக் கடன் வாங்கினா டாக்ஸ் மிச்சம்' என்று யாராவது சொன்னால், எந்த வரி முறையில் என்று கேளுங்கள். பழைய முறையில் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புது முறையில், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு அது இல்லை.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ரெரா பதிவு எண் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2014 ஜூன் 28-ம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு டவரையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடுகளுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பிரவுச்சரில் இருக்கும் நீச்சல்குளத்தைப் பார்ப்பதைவிட, மண் பரிசோதனையையும் பிளான் அப்ரூவலையும் கேட்பது முக்கியம்.

கடைசியா, உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். அடுத்த முறை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போகும்போது, அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். 'அம்மா, கல்யாணமான நாள்லேர்ந்து நாம எத்தனை வீடு மாறியிருக்கோம்?' அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பார். எந்த வீட்டில் கிணறு இருந்தது, எந்த வீட்டில் நீங்கள் நடக்கப் பழகினீர்கள், எந்த வீட்டைக் காலி பண்ணும்போது அழுதார் எல்லாம் வரும். முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பெரியப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பேப்பரையும் பேனாவையும் எடுங்கள்.